‘அவங்க என்னைப் பத்திதான் சிரிச்சாங்க’: இந்த எண்ணத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்ன தொடர்பு?

கேள்வி இது: “என் தங்கைக்கு 19 வயது. ஒரு வருடமாகச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகிறாள். சில இரவுகளில் மட்டும் யாருக்கும் தெரியாமல் அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு அழுகிறாள். இன்னொரு பக்கம், யார் என்ன சொன்னாலும் தன்னைக் குறைசொல்வதாகவே எடுத்துக்கொள்கிறாள். இவை இரண்டும் ஒரே பிரச்சினையா, வேறுவேறா? எதை முதலில் கவனிப்பது?”

வேறுவேறு இல்லை. அதற்காக, மற்றவர்களைத் தப்பாகப் புரிந்துகொள்வதால்தான் சாப்பாட்டுப் பிரச்சினை வந்தது என்று ஒரே கோடாக இழுத்துவிடவும் முடியாது. ஒன்று மற்றொன்றுக்குத் தீனி போடுகிறது. எதை முதலில் என்றால் சாப்பாட்டை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சாப்பாட்டை மட்டும் சரிசெய்துவிட்டு ‘முடிந்தது’ என்று உட்கார்ந்துவிட்டால் பல பேருக்கு அது திரும்பி வருகிறது, அதற்கு நீங்கள் கேட்ட அந்த இன்னொரு பக்கமும் ஒரு காரணம். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

மனிதர்களோடு பழகும்போது நமக்கு முழுத் தகவல் கிடைப்பதே இல்லை. நாம் அறைக்குள் நுழைகிறோம், அங்கே இருப்பவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த விடுபட்ட இடத்தை நம் மனம் தானாக நிரப்பிக்கொள்கிறது, அதுவும் அரை நொடிக்குள், நம்மைக் கேட்காமலே. எல்லோரும் செய்வதுதான் இது. வித்தியாசம், எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான்.

வாட்ஸ்அப்பையே எடுத்துக்கொள்வோம். உங்கள் தங்கை தோழிக்கு ஒரு செய்தி அனுப்புகிறாள். நீல டிக் வந்துவிட்டது, பதில் வரவில்லை. ஒரு மணிநேரம் போகிறது. ‘வேலையா இருப்பா’ என்று நினைத்து வேறு வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. அவளுக்கு அது இப்படி ஓடலாம்: பார்த்துட்டா, பதில் போடல. நேத்து நான் சொன்னது அவளுக்குப் பிடிக்கல. நேத்து மட்டுமா, அவங்க எல்லாருக்குமே நான் ஒரு தொல்லைதான். போன வாரம் எடுத்த போட்டோவுல நான் எப்படி இருந்தேன்... இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். பேச்சு தோழியிலிருந்து தொடங்கி, எந்த இடத்தில் என்று அவளுக்கே தெரியாமல், உடம்புக்கு வந்துவிட்டது. இராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது ‘பசிக்கல’ என்கிறாள். வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவது அந்த ‘பசிக்கல’ மட்டும்தான். நீல டிக் யார் கண்ணிலும் படவில்லை.

ஏன் உடம்புக்கு வருகிறது? என்னைக் கேட்டால் முழு விஷயமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இன்னொருவர் மனதில் நம்மைப் பற்றி என்ன இருக்கிறது என்பதை நம்மால் பார்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. அந்தத் தெரியாத நிலை சிலருக்குத் தாங்கவே முடியாததாக இருக்கும். உடம்பு அப்படியில்லை. அதை அளக்கலாம், எடை பார்க்கலாம், கண்ணாடியில் சரிபார்க்கலாம், இன்றைக்கே ஏதாவது செய்துவிடலாம். ‘அவங்களுக்கு என்னை ஏன் பிடிக்கல?’ என்ற பதிலில்லாத கேள்விக்கு ‘ஏன்னா நான் இப்படி இருக்கேன்’ என்பது ஒரு பதில். கொடூரமான பதில்தான், ஆனாலும் பதில். அதுவும் கையில் ஒரு வேலையைக் கொடுக்கிற பதில். அதனால்தான் ‘அவங்க உன்னைப் பத்தி அப்படி நினைக்கவே இல்லம்மா’ என்று நீங்கள் ஆயிரம் தடவை சொன்னாலும் அது உள்ளே இறங்குவதில்லை.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். லண்டன் கிங்ஸ் காலேஜில் ஜேனட் ட்ரெஷர், வாலன்டினா கார்டி போன்றவர்களின் குழு செய்த ஆய்வுகளில், பாதியில் நிற்கிற சின்னச் சின்னச் சூழ்நிலைகளைக் கொடுத்து முடிக்கச் சொல்வார்கள். நீங்கள் ஒரு கூட்டத்தில் பேசி முடிக்கிறீர்கள், கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள், ஏனென்றால்... என்கிற மாதிரி. அனரெக்ஸியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஆபத்தான அளவுக்குக் குறைத்துக்கொள்ளும் கோளாறு) உள்ளவர்கள் அந்த வாக்கியத்தை ‘என்னை ஏற்றுக்கொள்ளவில்லை’ என்ற பக்கமாக முடிப்பது மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. ஒதுக்கப்படுவோமோ என்று பதற்றத்தோடு எதிர்பார்ப்பது, சின்ன அறிகுறியிலேயே ஒதுக்கிவிட்டார்கள் என்று முடிவுகட்டுவது, அதற்கு அளவுக்கு மீறி வேதனைப்படுவது, இந்த மூன்றும் சேர்ந்த போக்கை ஜெரால்டின் டவுனியும் ஸ்காட் ஃபெல்ட்மனும் 1996-இல் விவரித்தார்கள். அது உணவுக் கோளாறுக்கென்று எழுதப்பட்டது இல்லை, நெருங்கிய உறவுகளைப் பற்றியது. பின்னால் வந்தவர்கள் அதையே தோற்றத்தோடு இணைத்துப் பார்த்தார்கள்: ‘என் தோற்றத்தால்தான் ஒதுக்குவார்கள்’ என்ற எதிர்பார்ப்பு. இது அதிகமாக உள்ளவர்களிடம் உணவுக் கோளாறு அறிகுறிகளும் அதிகமாகத் தென்படுகின்றன. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பது இந்த மாதிரி ஆய்வுகள் சொல்வது. எது எதை உண்டாக்கியது என்று இவற்றை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அந்த எண்ணம் எல்லோரிடமும் ஒரே அறிகுறியாக வெளிவருவதும் இல்லை. சிலர் சாப்பாட்டைக் குறைப்பார்கள்; உடம்பு வற்ற வற்ற உணர்ச்சியும் மரத்துப்போகும், அந்த மரத்துப்போதலே ஒரு நிம்மதியாக இருக்கும். சிலருக்கு அது அளவில்லாச் சாப்பாடாகப் போகும். இதற்கு ஹெதர்டனும் பாமைஸ்டரும் 1991-இல் கொடுத்த விளக்கம் எனக்கு இன்றும் நம்பும்படியாக இருக்கிறது: தன்னைப் பற்றிய வலிக்கிற எண்ணத்திலிருந்து தப்பிக்க மனம் தன் பார்வையை மிகக் குறுக்கிக்கொள்கிறது, வாயில் இருக்கும் ருசி, அடுத்த கவளம், அவ்வளவுதான்; அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ‘நான்’ என்பதே இல்லை. முடிந்ததும் எல்லாம் வட்டியோடு திரும்பி வரும். பகலில் பட்டினி, இரவில் அளவில்லாச் சாப்பாடு என்று இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது முரண்பாடு இல்லை. பட்டினி கிடந்த உடம்பு எப்படியும் ஒருநாள் பிய்த்துக்கொண்டு கிளம்பும். அதற்கு மேல் மனவருத்தமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரவில் சாப்பிடுவதை ‘கட்டுப்பாடு இல்லாதவள்’ என்று வீட்டில் யாராவது பேசினால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்போது எதிர்ப்பக்கம். இதைத்தான் பல பேர் விட்டுவிடுகிறார்கள்.

பட்டினியே மனிதர்களைப் பார்க்கும் பார்வையை மாற்றிவிடும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-இல் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினிப் பரிசோதனை இதற்கு நல்ல சாட்சி. உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள். ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு. அவர்களுக்கு உடம்பைப் பற்றிய கவலையோ ஒதுக்கப்படும் பயமோ முன்னால் இருந்ததாக இல்லை. ஆனாலும் மாதங்கள் போகப் போக எரிச்சல், சோர்வு, எல்லோரிடமிருந்தும் விலகிக்கொள்வது, பேச்சிலும் சிரிப்பிலும் ஆர்வம் போய்விடுவது, சாப்பாட்டைப் பற்றியே சதா நினைப்பு, எல்லாம் வந்தன. திரும்பச் சாப்பிட ஆரம்பித்த பிறகும் சிலருக்கு அளவில்லாமல் சாப்பிடும் பழக்கம் கொஞ்ச காலம் இருந்தது. அதாவது ‘அவளோட குணமே மாறிடுச்சு’ என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பங்கு குணமே இல்லை, பசி.

இன்னொன்று. அனரெக்ஸியா உள்ளவர்களின் முகத்தில் உணர்ச்சி குறைவாகத் தெரிகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிரிப்பு வரவழைக்கிற காட்சியைப் போட்டுக் காட்டினாலும் முகம் அதிகம் அசையாது. உள்ளே ஒன்றுமே உணரவில்லை என்று அர்த்தமில்லை, வெளியே தெரியவில்லை. எதிரில் இருப்பவருக்கு என்ன தோன்றும்? ‘இவளுக்கு நம்மைப் பிடிக்கல போல.’ அவர் கொஞ்சம் விலகுவார். அதை அவள் பார்ப்பாள். இந்தத் தடவை அவள் கணக்கு சரியாகவே இருக்கும், அவர்கள் நிஜமாகவே விலகிவிட்டார்கள். அடுத்த தடவை கூப்பிட்டால் போகமாட்டாள், அங்கே சாப்பாடு வேறு இருக்கும் என்ற பயம். போகாததால், நினைத்தது தப்பு என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் இல்லாமல் போகிறது. தோழிகள் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவார்கள். பாருங்கள், தொடங்கும்போது வெறும் எண்ணமாக இருந்தது ஆறு மாதத்தில் நிஜமாகிவிட்டது.

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று இதை ஒரே வரியில் தள்ளிவிடத் தோன்றும். ஆனால் இவர்களில் பல பேர் சும்மா அரண்டவர்கள் இல்லை, ஒருகாலத்தில் பேயை நிஜமாகவே பார்த்தவர்கள். வகுப்பில் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டிருப்பார்கள், சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் உடம்பைப் பற்றிப் பேசியிருப்பார்கள், ஆடிய குழுவில் எடையைச் சொல்லி ஒதுக்கியிருப்பார்கள். மினசோட்டாவிலேயே டயேன் நியூமார்க்-ஸ்டைனர் 1998 வாக்கில் தொடங்கி நடத்திவரும் ‘ப்ராஜெக்ட் ஈட்’ என்ற நீண்டகால ஆய்வில், எடையைச் சொல்லிக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகளிடம் பின்னாளில் அளவில்லாச் சாப்பாடும் ஆபத்தான எடைக்குறைப்பு வழிகளும் அதிகம் காணப்பட்டன. அன்றைக்கு அந்தச் சிரிப்பு அவளைப் பற்றியதுதான். அங்கே கற்றுக்கொண்டதை மனம் இன்றைக்கு, வேறு இடத்தில், வேறு மனிதர்களிடம் பயன்படுத்துகிறது. அதனால் ‘எல்லாம் உன் கற்பனை’ என்று சொல்வது தப்பு மட்டுமில்லை, அவளுக்கு நடந்ததை இல்லை என்று சொல்வதாகவும் ஆகிவிடும்.

‘அப்போ அவளுக்கு ஆட்களைப் புரிஞ்சுக்கவே தெரியலையா?’ என்று சிலர் கேட்பார்கள். அது வேறு விஷயம், கலக்காதீர்கள். கண்களின் படத்தை மட்டும் பார்த்து அந்த ஆளின் மனநிலையைச் சொல்லும் ஒரு சோதனை உண்டு, சைமன் பாரன்-கோஹன் குழு 2001-இல் திருத்தி வெளியிட்டது, 36 படங்கள். அனரெக்ஸியா உள்ளவர்கள் இதில் சில ஆய்வுகளில் குறைவாக எடுத்தார்கள், சிலவற்றில் மற்றவர்களைப் போலவே எடுத்தார்கள். அடுத்தவர் முகத்தைப் படிக்கத் தெரியாமல் போவது ஒன்று. நன்றாகப் படித்துவிட்டு, தன்னைப் பற்றி என்று வரும்போது மட்டும் கெட்டதையே எடுத்துக்கொள்வது இன்னொன்று. தோழிக்கு இதே மாதிரி நடந்தால் உங்கள் தங்கை அழகாக ஆறுதல் சொல்லுவாள், ‘அவளுக்கு வேலை இருந்திருக்கும், நீ ஏன் இப்படி நினைக்கிறே’ என்று. கேட்டுப்பாருங்கள்.

எல்லா உணவுக் கோளாறுக்கும் இது பொருந்தும் என்றும் நினைத்துவிடாதீர்கள். உணவின் நிறம், மணம், தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயம் இவற்றால் சாப்பிடாமல் இருக்கிற வகை ஒன்று இருக்கிறது, அதில் உடம்பைப் பற்றிய கவலையே இருக்காது. அதே மாதிரி, மற்றவர்கள் பேச்சைத் தப்பாக எடுத்துக்கொள்வது மனச்சோர்விலும் சமூகப் பதற்றத்திலும் உண்டு. இவை இரண்டும் உணவுக் கோளாறோடு சேர்ந்தே வருவது சகஜம். மனநல மருத்துவர் இவற்றையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

சரி, என்ன செய்வது?

முதலில் உடம்பு. மருத்துவரிடம் கூட்டிப்போய் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் உப்புகளின் அளவு, இசிஜி பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறாள் என்ற சந்தேகம் இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். மயக்கம், நெஞ்சு படபடப்பு, நிற்க முடியாத பலவீனம், உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற பேச்சு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. ரொம்ப நாள் பட்டினி கிடந்தவருக்குப் பாசத்தில் ஒரேயடியாக நிறையக் கொடுத்துவிடவும் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி ஆபத்தாகலாம், மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். மூளைக்குச் சாப்பாடு போகாமல் ‘யோசிக்கிற விதத்தை மாத்து’ என்று பேசிப் பயன் குறைவு. சாப்பாடு முதலில் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதன் பிறகு பேச்சு சிகிச்சை. இங்கே ஒரு சுவாரசியமான கதை இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் புலிமியாவுக்கு (அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு, எடை ஏறாமலிருக்க வாந்தி, பட்டினி போன்ற வழிகளை நாடும் கோளாறு) அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பார்க்கும் பேச்சு சிகிச்சையை, சோதித்தபோது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சிகிச்சையும் தேவைப்பட்டது. மனச்சோர்வுக்காக உருவான, உறவுகளைப் பற்றி மட்டுமே பேசுகிற ஒரு சிகிச்சையை எடுத்துக்கொண்டார்கள். அதில் சாப்பாடு, எடை பற்றி ஏறக்குறையப் பேசவே மாட்டார்கள். யாரோடு என்ன தகராறு, யாரை இழந்தாய், எந்த மாற்றம் தாங்க முடியவில்லை, இவ்வளவுதான். சிகிச்சை முடிந்த சமயத்தில் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை முன்னால் இருந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் உறவுச் சிகிச்சை பெற்றவர்களும் கிட்டத்தட்ட அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். 2000-இல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் அக்ராஸ் குழு பெரிய அளவில் செய்ததிலும் இதே போக்குத்தான். சாப்பாட்டைத் தொடாமலே சாப்பாட்டுப் பிரச்சினை குறைகிறது என்றால், உறவுகளில் நடப்பது அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று யோசித்துப்பாருங்கள். ஒன்று மட்டும், இது புலிமியாவில் கண்டது. எடை ஆபத்தான அளவுக்கு இறங்கியவர்களுக்கு இப்படிச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பேச முடியாது.

அந்த எண்ணப் போக்கையே நேரடியாகப் பயிற்சியால் மாற்றப் பார்க்கிற முறையும் இருக்கிறது. கணினியில் பாதிச் சூழ்நிலைகளை வரிசையாகக் காட்டி, தீங்கில்லாத முடிவு வருகிற மாதிரி அவர்களையே விடுபட்ட சொல்லை நிரப்பச் செய்வது. எண்ணம் கொஞ்சம் நகர்கிறது. சாப்பாட்டு அறிகுறிகளும் அதோடு சேர்ந்து குறைகின்றனவா என்றால் அந்த அளவுக்குத் தெளிவான பலன் இன்னும் காட்டப்படவில்லை. கூடுதல் உதவியாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. உல்ரிக்கே ஷ்மிட்டும் ட்ரெஷரும் 2006-இல் அனரெக்ஸியா ஏன் விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று எழுதியதில், நெருங்கியவர்கள் நடந்துகொள்ளும் விதத்தையும் ஒரு காரணமாகச் சேர்த்திருக்கிறார்கள். குற்றம் சாட்டுவதற்காக இல்லை. பயத்தில் அம்மா ஒவ்வொரு கவளத்தையும் உற்றுப் பார்க்கிறார், அப்பா கத்துகிறார், அண்ணன் பேசாமல் எழுந்து போகிறார். மூன்றையுமே அவள் ‘நான் இவங்களுக்குச் சுமை’ என்றுதான் வாசிக்கிறாள். நல்ல எண்ணத்தில் சொல்வதும் அப்படித்தான். கொஞ்சம் தேறியதும் ‘இப்பதான் முகம் பளிச்சுன்னு இருக்கு’ என்று யாராவது சொல்வார்கள். அவள் காதில் விழுவது ‘குண்டாயிட்டே’. இந்த ஒரே வாக்கியத்தால் அடுத்த வேளைச் சாப்பாடு நின்றுபோவது அபூர்வம் இல்லை. உடம்பைப் பற்றி, புகழ்ந்துகூட, பேச வேண்டாம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

அவள் ‘அவங்க என்னைப் பத்திதான் சிரிச்சாங்க’ என்று சொன்னால் இல்லை என்று வாதாடாதீர்கள், ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். முதலில் ‘அப்படித் தோணுனா கஷ்டமாத்தான் இருக்கும்’ என்று ஒப்புக்கொள்ளுங்கள், அது பொய்யில்லையே. அப்புறம், அவள் கொஞ்சம் அமைதியானதும், ‘நீ உள்ளே வரும்போது என்ன பார்த்தே? கேமரா வச்சிருந்தா அதுல என்ன பதிவாகியிருக்கும்?’ என்று கேளுங்கள். மூன்று பேர் சிரித்தார்கள், ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான் பதிவாகியிருக்கும். மீதி அவள் சேர்த்தது என்பதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவளே பார்த்துக்கொள்வாள், ஒருநாள் இல்லாவிட்டால் இன்னொரு நாள். ‘அப்படியெல்லாம் இல்ல, இல்லவே இல்ல’ என்று திரும்பத் திரும்ப உறுதி கொடுப்பது கேட்க இதமாக இருக்கும், ஆனால் பத்து நிமிடத்தில் கரைந்துபோய் மறுபடி கேட்கவைக்கும்.

தோழிகள் குழுவிலிருந்து விலகிவிடுவதாகச் சொன்னால் உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். சிகிச்சையாளர் இருந்தால் அவரோடு சேர்ந்து ஒன்று செய்யலாம்: போவதற்கு முன்னால், அங்கே என்ன நடக்கும் என்று அவள் நினைப்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்வது, ‘யாரும் என்கிட்ட பேசமாட்டாங்க’ என்கிற மாதிரி, சரிபார்க்கக்கூடியதாக. வந்த பிறகு எடுத்துப் பார்ப்பது. பல தடவை தாளில் இருந்தது நடந்திருக்காது. சில தடவை நடந்துவிடும், உலகத்தில் முகத்துக்கு நேராக நோகடிக்கிற ஆட்களும் இருக்கத்தானே செய்கிறார்கள். அப்படி நடந்த நாளில் அவள் அழட்டும், திட்டட்டும், அந்தத் தோழியின் நட்பையே வேண்டாம் என்று முடிவெடுக்கட்டும். இரவுச் சாப்பாடு மட்டும் வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான அளவில் இருக்க வேண்டும், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து வேறு ஏதாவது பேசிக்கொண்டே சாப்பிடுங்கள்.